வயலுக்கு வரும் கொள்ளைநோயும் இயற்கையின் காவலர்களும்

2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா தொற்றை உலகளாவிய கொள்ளைநோய் என அறிவித்தது. மார்ச் 25 முதல் நம் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மக்கள் வீடுகளுக்குள் முடங்கியிருந்த அதே ஏப்ரல் மாதத்தில், கேரள மாநிலம் திருச்சூரில் மரவள்ளிச் செடிகளின் கொழுந்துகளில் வெண்மாவு தூவியது போன்ற ஒரு பூச்சி அறிவியலாளர்களின் பார்வையில் பட்டது. இந்தியாவில் அதற்கு முன்னர் பதிவாகாத மரவள்ளி மாவுப்பூச்சி அது. மனிதருக்கு ஒரு கொள்ளைநோய் வந்த வேளையிலேயே பயிருக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. பின்னர் அது தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் பகுதி மரவள்ளித் தோட்டங்களையும் பற்றியது.

சித்தூர், திருப்பதி மாவட்டப் பகுதிகளில் வாழும் நம் வாடிக்கையாளர்கள் பலர் உழவர்கள். ஏனையோரில் பலரும் உழவர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். தமிழக எல்லையை ஒட்டிய விஜயபுரம் போன்ற ஊர்களில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிப்பதைப்போல, இரு மாநிலங்களின் விதைகளும் கன்றுகளும் விளைபொருள்களும் கலந்தே பயணம் செய்கின்றன. அவற்றுடன் பூச்சிகளும் பயணம் செய்கின்றன. மாநில எல்லை பூச்சிக்குத் தெரியாது. ஆகவே மரவள்ளிக்கு நேர்ந்த சோதனையும் அதனை அறிவியல் எதிர்கொண்ட விதமும் மா, கரும்பு, நெல், நிலக்கடலை பயிரிடும் எவரும் அறிந்துகொள்ளத் தக்கவை.

ஒன்று என்னும் எண்

கொரோனா காலத்தில் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சிகளிலும் ஒரு கணக்கு அடிக்கடி பேசப்பட்டது. நோயுற்ற ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்பதே அக்கணக்கு. அந்த எண் ஒன்றுக்கு மேல் இருந்தால் நோய் பெருகும். ஒன்றாக இருந்தால் நிலைத்து நிற்கும். ஒன்றுக்குக் கீழே சென்றால் தானாகவே அடங்கத் தொடங்கும். முகக்கவசம், இடைவெளி, தனிமைப்படுத்தல், தடுப்பூசி ஆகிய அனைத்தும் அந்த எண்ணை ஒன்றுக்குக் கீழே கொண்டுவரும் முயற்சிகளே.

பயிர்ப்பூச்சிக்கும் இதே கணக்குப் பொருந்தும். மரவள்ளி மாவுப்பூச்சியில் ஆண் இனமே இல்லை எனலாம். ஒவ்வொரு பூச்சியும் பெண்ணே. இணையின்றியே நானூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட வல்லது. அம்முட்டைகளிலிருந்து வரும் குஞ்சுகளில் சராசரியாக ஒன்று மட்டும் பிழைத்து முட்டையிடும் வயதை எட்டினால், வயலில் பூச்சியின் எண்ணிக்கை கூடாது, குறையாது. பத்து பிழைத்தால் அடுத்த தலைமுறை பத்து மடங்காகும். அதற்கடுத்த தலைமுறை நூறு மடங்காகும். ஒன்றுக்கும் குறைவாகப் பிழைத்தால் பூச்சி படிப்படியாக ஒடுங்கும்.

இயற்கையில் இக்கணக்கைச் சமன் செய்பவை பூச்சியின் எதிரிகளே. பொறிவண்டு, சிலந்தி, கண்ணாடி இறக்கைப் பூச்சி ஆகியன இரைவிழுங்கிகள். மிகச் சிறிய குளவிகள் ஒட்டுண்ணிகள். பூச்சியைத் தாக்கும் பூஞ்சைகளும் நச்சுயிரிகளும் உண்டு. ஒரு பூச்சி தன் தாயகத்தில் பிறக்கும்போது இவ்வெதிரிகள் அனைத்தும் அதனைச் சூழ்ந்திருக்கும். கடல் கடந்து புதிய நாட்டுக்குள் நுழையும்போதோ எதிரிகளைப் பின்னே விட்டுவிட்டு அது மட்டும் வருகிறது. புதிய கிருமி, எதிர்ப்பாற்றல் இல்லாத மனித உடல்களைக் கண்டதும் காட்டுத்தீயாகப் பரவுவது போலவே, புதிய பூச்சியும் எதிரிகளற்ற வயலைக் கண்டதும் பெருகுகிறது.

ஆப்பிரிக்கா வழியாக வந்த தீர்வு

மரவள்ளி, தென் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய பயிர். 1970களின் தொடக்கத்தில் அதன் மாவுப்பூச்சி எவ்வாறோ ஆப்பிரிக்காவை அடைந்தது. மரவள்ளியை அன்றாட உணவாகக் கொண்டிருந்த ஏறத்தாழ 20 கோடி ஆப்பிரிக்க மக்களின் வயிற்றுக்கு அது அச்சுறுத்தலாயிற்று. நைஜீரியாவின் இபடான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து அறிவியலாளர் ஹான்ஸ் ஹெரன் தலைமையில் ஒரு தேடல் தொடங்கியது. பூச்சியின் தாயகத்தில் அதனை அடக்கி வைத்திருந்த எதிரி எது என்பதே கேள்வி.

விடை 1981இல் பராகுவே நாட்டில் கிடைத்தது. எள்ளைவிடச் சிறிய ஒரு குளவி. அதன் பெயர் அனாகிரஸ் லோபெசி. தாய்க்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே உண்டு வளரும். இறுதியில் மாவுப்பூச்சி உலர்ந்த கூடாகிவிடும். அக்கூட்டைத் துளைத்துக்கொண்டு புதிய குளவி வெளியே பறக்கும். அக்குளவி இங்கிலாந்தில் தனிமைப்படுத்தி ஆராயப்பட்ட பின்னர், அதே ஆண்டிலேயே நைஜீரிய வயல்களில் விடப்பட்டது. பின்னர் 20க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் நிலைகொண்டு மாவுப்பூச்சியைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. இப்பணிக்காக ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசைப் பெற்றார். 2008இல் தாய்லாந்தில் இப்பூச்சி நுழைந்தபோதும் இதே குளவியே வரவழைக்கப்பட்டது.

எனவே 2020இல் திருச்சூரில் பூச்சி காணப்பட்டபோது, நம் நாட்டு அறிவியலாளர்களுக்குத் தேட வேண்டிய இடம் தெரிந்திருந்தது. பெங்களூரில் இயங்கும் தேசிய வேளாண் பூச்சி வள ஆராய்ச்சி நிறுவனம், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021இல் இக்குளவியைத் தருவித்தது. உரிய ஆய்வுகளுக்குப் பின் 2022 மார்ச் மாதத்தில், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் குளவிகள் உழவர்கள் முன்னிலையில் விடப்பட்டன. ஜவ்வரிசித் தொழிலின் மூலப்பொருளே மரவள்ளி என்பதனால், கிழங்கு குறைந்தால் உழவர் மட்டுமன்றி ஆலைத் தொழிலாளர், வணிகர் என ஒரு வட்டாரமே பாதிக்கப்படும். ஒரு சிறு குளவியின் மேல் எத்தனை குடும்பங்களின் வருவாய் சார்ந்திருந்தது என்பதை இதிலிருந்து உணரலாம்.

இது நம் நாட்டுக்கு முதல் அனுபவமும் அன்று. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் காணப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி எனப் பல செடிகளை அது தாக்கியது. 2010இல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகள் கொண்டுவரப்பட்டு, அதே ஆண்டு அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் விடப்பட்டன. அடுத்து வந்த காலத்திலேயே பூச்சி அடங்கியது. அப்போது உழவர்களுக்குக் கூறப்பட்ட முதன்மையான அறிவுரை, குளவி விட்ட தோட்டத்தில் பூச்சிக்கொல்லி தெளிக்க வேண்டா என்பதே.

நஞ்சு ஏன் தோற்கிறது

பூச்சியைக் கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடுவது நம்மில் பலரின் இயல்பாகிவிட்டது. கடன் வாங்கிச் சாகுபடி செய்தவர் பயிர் வாடுவதைக் கண்டு பதறுவது இயற்கையே. ஆயினும் அப்பதற்றத்தில் தெளிக்கும் நஞ்சு பல வேளைகளில் எதிர்விளைவையே தருகிறது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, மாவுப்பூச்சி போன்றவை தம் உடலை மெழுகுப் படலத்தால் மூடிக்கொள்கின்றன. சுருண்ட கொழுந்துக்குள்ளும் கணுக்களின் இடுக்கிலும் அவை பதுங்கியிருக்கும். தெளிக்கும் திரவம் அங்கே சென்று சேர்வது அரிது. இலையின் மேற்பரப்பில் திரியும் பொறிவண்டும் குளவியுமே முதலில் மடிகின்றன.

இரண்டாவது, எதிரிகள் மடிந்தபின் எஞ்சிய பூச்சிகளைத் தடுக்க எவரும் இல்லை. முன்பு ஒன்றுக்கு அருகில் இருந்த பிழைப்புக் கணக்கு பல மடங்காக உயர்கிறது. நெல்லில் புகையான் பெருகும் கதை இதுவே. இந்தோனேசியாவில் பூச்சிக்கொல்லிக்கு அரசு பெருந்தொகை மானியம் வழங்கிய காலத்தில் புகையான் நெல் வயல்களைச் சூறையாடியது. நஞ்சு தெளிக்கத் தெளிக்கப் புகையான் கூடுவதை ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினர். 1986இல் அந்நாட்டு அரசு நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்து, வயலை நோக்கக் கற்பிக்கும் உழவர் பள்ளிகளின் பக்கம் திரும்பியது.

மூன்றாவது, நஞ்சுக்குத் தப்பிப் பிழைத்தவற்றின் வழித்தோன்றல்கள் அந்நஞ்சைத் தாங்கும் ஆற்றலுடன் பிறக்கின்றன. மருத்துவமனைகளில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் தோன்றுவதும் இவ்வாறே. அடுத்த முறை இருமடங்கு மருந்து, அதற்கடுத்த முறை வேறு விலையுயர்ந்த மருந்து எனச் செலவு ஏறுகிறதே தவிர விளைச்சல் ஏறுவதில்லை. பயிர்க்கடன் கணக்கில் இச்செலவு ஓசையின்றி வளர்கிறது.

இவற்றுக்கும் மேலாக மனித உடல் இருக்கிறது. வயலில் பயன்படும் பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகள் பூச்சியின் நரம்புகளைத் தாக்கும் அதே வழியில் மனித நரம்புகளையும் தாக்குகின்றன. தலைசுற்றல், வாந்தி, வியர்வை, கண்பார்வை மங்குதல், மூச்சுத்திணறல் ஆகியவை அதன் அறிகுறிகள். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்கள் மீது ஆண்டுக்கணக்கில் வானிலிருந்து எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டதும், அங்குள்ள சிற்றூர்களில் நேர்ந்த துயரமும் நாடறிந்தவை. 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்நஞ்சின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் நாடு முழுவதும் தடை விதித்தது. ஒரு மருத்துவச் செலவு, பல ஆண்டுச் சேமிப்பைக் கரைத்துவிடும் என்பதை நாம் அறிவோம். ஆகவே நஞ்சைக் குறைப்பது நலவாழ்வுக்கான வழி மட்டுமன்று. குடும்பத்தின் பொருளாதாரத்துக்கான காப்பும் ஆகும்.

காவலரையும் சோதித்தே அழைக்க வேண்டும்

இயற்கை எதிரி என்பதனாலேயே எதனையும் வயலில் விட்டுவிடலாகாது. 1935இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கரும்பு வண்டுகளை ஒழிக்கும் நோக்கில் அமெரிக்கக் கண்டத்துத் தேரை ஒன்று கொண்டுவந்து விடப்பட்டது. அது வண்டுகளை அடக்கவில்லை. கண்டவற்றையெல்லாம் தின்று பெருகியது; தன் உடல் நஞ்சினால் தன்னைத் தின்னவந்த விலங்குகளையும் கொன்றது. இன்றளவும் அந்நாடு அத்தேரையுடன் போராடி வருகிறது.

தேரைக்கும் குளவிக்கும் உள்ள வேறுபாடு உணவுத் தேர்வில் இருக்கிறது. தேரை எதனையும் தின்னும். அனாகிரஸ் லோபெசி போன்ற ஒட்டுண்ணிகளோ மிகக் குறுகிய தேர்வு உடையவை. தமக்குரிய பூச்சி இல்லையேல் அவற்றுக்கு வாழ்வில்லை. இவ்வேறுபாட்டை உறுதி செய்துகொள்ளவே அயல்நாட்டிலிருந்து வரும் ஒட்டுண்ணிகள் முதலில் மூடிய ஆய்வகத்தில் தனிமைப்படுத்தப்படுகின்றன. பயன் தரும் பிற பூச்சிகளை அவை தாக்குகின்றனவா, அவற்றுடன் வேறு நோயோ பூச்சியோ ஒட்டிக்கொண்டு வந்துள்ளதா என்பனவெல்லாம் ஆராயப்படுகின்றன. கொரோனா காலத்தில் அயல்நாட்டிலிருந்து வந்தோர் தனிமையில் இருக்க வைக்கப்பட்டதை நாம் கண்டோம். குளவிக்கும் அதே நெறி.

வயலில் பிறந்த சோதனை முறை

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? கொள்ளைநோய்க் காலத்தில் உலகமே கேட்ட கேள்வி இது. அதற்கு விடை தந்த முறை உண்மையில் வயலில் உருவானது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1919இல் பணியில் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர், உரச் சோதனைகளில் ஒரு சிக்கலைக் கண்டார். நிலத்தின் ஒரு மூலை இயல்பிலேயே வளமாக இருந்தால், அங்கே இட்ட உரம் சிறந்ததென நாம் ஏமாந்துவிடுவோம். எனவே எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல முடிவு செய்ய வேண்டும் என்றார் அவர்.

இக்கருத்து பின்னர் மருத்துவத்துக்குச் சென்றது. 1948இல் வெளியான காசநோய் ஆய்வில், ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை யாருக்கு வழங்குவது என்பது அவ்வாறே முடிவு செய்யப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் சென்னைக் காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நோயாளிகளை வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்பவர், மருத்துவமனையில் தங்குபவர் என இவ்வாறே பிரித்து ஒப்பிட்டது. வீட்டிலிருந்து மருந்து உட்கொண்டாலும் நோய் குணமாகும் என்று அது மெய்ப்பித்தது உலகக் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது. 2020 ஜூனில் பிரிட்டனின் ரிகவரி ஆய்வும் இம்முறையினாலேயே இரண்டு விடைகளைத் தந்தது. மலிவான டெக்ஸாமெத்தசோன் மருந்து செயற்கை மூச்சுக் கருவியில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பெரிதும் பேசப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயினால் மருத்துவமனை நோயாளிகளுக்குப் பயனில்லை என்பதும் தெரிந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ‘இயற்கையானது’ என்பதும் ‘நவீனமானது’ என்பதும் ஒரு பொருளின் பயனுக்குச் சான்றாகா. வேம்பு பூச்சியை விரட்டுகிறது என்பது பல சோதனைகளில் மெய்ப்பிக்கப்பட்டது. அதனாலேயே வேம்பு மனிதரின் கொள்ளைநோயைத் தீர்க்கும் என்று கூற முடியாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். பயிருக்கு ஏற்ற கரைசல் மனிதருக்கு மருந்தாகிவிடாது. நோய் வந்தால் மருத்துவரை நாடுவதும் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசியைச் செலுத்திக்கொள்வதுமே அறிவுடைமை.

ஆந்திர மண்ணின் முயற்சி

நஞ்சைக் குறைக்கும் முயற்சியில் ஆந்திரப் பிரதேசம் நாட்டுக்கு முன்னோடிகளுள் ஒன்றாக விளங்குகிறது. ரைது சாதிகார சம்ஸ்தா என்னும் அரசு அமைப்பின் வாயிலாக 2016 முதல் இயற்கை வேளாண்மைத் திட்டம் நடைபெற்று வருகிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்களே அதன் முதுகெலும்பு. அனுபவம் பெற்ற உழவரே அண்டை உழவருக்குக் கற்பிப்பது அதன் வழி. நிலத்தை ஆண்டு முழுவதும் பசுமையால் மூடுதல், பலவகைப் பயிர்களைக் கலந்து விதைத்தல், சாணம், கோமியம், வேப்பிலை ஆகியவற்றால் வீட்டிலேயே கரைசல் தயாரித்தல் ஆகியன அதன் நடைமுறைகள். இத்திட்டத்துக்கு 2024ஆம் ஆண்டின் குல்பென்கியன் மனிதநேயப் பரிசு, வேறு இருவருடன் பகிர்ந்து வழங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் நடுவண் அரசும் 2,481 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது.

இம்முறையின் விளைச்சல் குறித்து அறிவியலாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் கூறியாக வேண்டும். இடுபொருள் செலவு குறைவது பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. விளைச்சல் எல்லாப் பயிரிலும் எல்லா மண்ணிலும் குறையாது நிற்குமா என்பதில் நீண்டகால ஆய்வு தேவை எனப் பலர் வலியுறுத்துகின்றனர். ஆகவே நிலம் முழுவதையும் ஒரே பருவத்தில் மாற்றிவிட்டு இடர்ப்படுவதினும், ஒரு பகுதியில் தொடங்கி இரண்டு மூன்று பருவம் கணக்கு வைத்து ஒப்பிடுவதே பொருத்தமானது. ஃபிஷர் காட்டிய வழியும் அதுவே.

நம் வயலில் செய்யத் தக்கவை

முதற்பணி நோக்குதல். வாரம் இருமுறை வயலில் நடந்து, பல இடங்களில் செடிகளைப் புரட்டிப் பார்த்து, தீமை செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்யும் பூச்சி எத்தனை எனக் குறித்து வைத்தல் நன்று. சேதம், தெளிப்புச் செலவைவிட மிகும் நிலையையே வேளாண் நூலோர் பொருளாதாரச் சேதநிலை என்பர். அந்நிலையை எட்டாதவரை தெளிப்பது பணத்தை மண்ணில் ஊற்றுவதாகும்.

இரண்டாம் பணி வாயிலைக் காத்தல். மரவள்ளி மாவுப்பூச்சி பெரும்பாலும் நடவுக் குச்சிகளுடனேயே ஊர்விட்டு ஊர் சென்றது. கரும்புக் கரணையாயினும் மாங்கன்றாயினும் அறிந்த இடத்தில், நோயற்றதெனப் பார்த்தே வாங்க வேண்டும். புதிதாக ஏதேனும் பூச்சி தென்பட்டால், அதனைப் பாலிதீன் பையில் மூடி, ஊரிலுள்ள வேளாண் அலுவலரிடமோ திருப்பதியில் உள்ள மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டுதல் வேண்டும். முதல் வாரத்தில் கிடைக்கும் தகவல், ஆறு மாதம் கழித்துத் தெளிக்கும் மருந்தினும் மதிப்புடையது.

மூன்றாம் பணி நண்பர்களை அழைத்தல். வரப்புகளில் தட்டைப்பயறும் உளுந்தும் விதைத்தால் பொறிவண்டுகள் தங்கும். கரும்பின் இடைக்கணுப்புழுவுக்கு டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணி அட்டைகளை நான்காம் மாதம் முதல் பதினைந்து நாளுக்கொரு முறை இலையின் அடிப்புறம் கட்டலாம். இவ்வொட்டுண்ணி புழுவின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இட்டு, புழு பிறப்பதையே தடுக்கிறது. அட்டை கட்டிய நாள்களில் பூச்சிக்கொல்லி தெளித்தால் அட்டைக்குச் செலவிட்டது வீணாகும். மாவில் பழ ஈக்களுக்கு மீத்தைல் யூஜினால் கவர்ச்சிப் பொறிகள் பயன் தரும். சித்தூர் வட்டாரத்து மாங்கூழ் கடல் கடந்து செல்கிறது. பழத்தில் நஞ்சின் எச்சம் மிகுந்தால் இறக்குமதி செய்யும் நாடுகள் ஏற்பதில்லை. எனவே பொறிகள் சந்தையையும் காக்கின்றன.

நான்காம் பணி, தெளிக்கவே நேர்ந்தால் மென்மையானதை முதலில் தேர்தல். வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசலை வீட்டிலேயே ஆக்கலாம். 5 கிலோ பருப்பை இடித்துத் தூளாக்கி, 10 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவிட வேண்டும். காலையில் பால்நிறம் வரும்வரை கலக்கி, இரட்டைத் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக நீர் சேர்த்து, சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலை வேளையில் தெளிக்கலாம். வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் பூச்சியின் பசியையும் வளர்ச்சியையும் குலைக்கிறது. கடும் வெயிலில் அது சிதைந்துவிடும் என்பதனாலேயே மாலை நேரம் பரிந்துரைக்கப்படுகிறது. அன்று ஆக்கியதை அன்றே பயன்படுத்துதல் நலம். வேப்பம்பழம் உதிரும் பருவத்தில் கொட்டைகளைச் சேகரித்து நிழலில் உலர்த்தி வைத்தால் ஆண்டு முழுவதும் செலவு மிச்சமாகும்.

இவையனைத்தும் பயன்தராதபோது வேதிப் பூச்சிக்கொல்லியை நாட வேண்டியிருக்கலாம். அதன் கொள்கலனில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைக் காண்க. சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், மஞ்சள் கடும் நஞ்சையும், நீலம் நடுத்தரத்தையும், பச்சை குறைந்த நச்சுத்தன்மையையும் குறிக்கும். பரிந்துரைத்த அளவை மீறாமலும், கையுறையும் முகக்கவசமும் அணிந்தும், காற்றின் எதிர்த்திசையில் நில்லாமலும் தெளிக்க வேண்டும். தெளித்த பின் அறுவடைக்குக் குறிப்பிட்ட காத்திருப்புக் காலத்தைக் கடைப்பிடிப்பது உண்போரின் நலனுக்கு இன்றியமையாதது. எவருக்கேனும் மயக்கமோ வாந்தியோ ஏற்பட்டால், கொள்கலனையும் உடன் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எந்த நஞ்சு என்பதை மருத்துவர் அறிந்தால் உரிய முறிவு மருந்தை விரைந்து தர இயலும்.

கடன் கணக்கிலும் ஒரு குறிப்பு

உழவர் கடன் அட்டை வைத்திருப்போர், ஒவ்வொரு பருவத்திலும் பூச்சி மேலாண்மைக்குச் செய்த செலவைத் தனியே குறித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தெளித்த நாள், பொருள், அளவு, விலை, அதன்பின் கண்ட பயன் ஆகிய ஐந்தும் போதும். இரண்டு பருவங்களின் குறிப்பை ஒப்பிட்டாலே எந்தச் செலவு வேண்டாதது என்பது புலனாகும். மருந்துக் கடையில் தவணைக்கு வாங்கி, விலையோடு வட்டியையும் மறைவாகச் செலுத்துவதினும், வங்கிக் கடனிலிருந்து தேவையான அளவே ரொக்கமாக வாங்குவது சிக்கனம். உரிய காலத்தில் கடனைத் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டிச் சலுகையும் உண்டு. பூச்சியும் நோயும் பரவலாகத் தாக்கி விளைச்சல் குறைந்தால் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் துணை நிற்கும். உங்கள் பயிரும் ஊரும் அறிவிக்கையில் உள்ளனவா என்பதை விதைப்புக்கு முன்னரே கிளையில் கேட்டறிதல் நன்று.

ஒருவர் மட்டும் முகக்கவசம் அணிந்து ஊரைக் காக்க முடியவில்லை. ஊரே சேர்ந்தபோதுதான் தொற்று தணிந்தது. வயலும் அவ்வாறே. ஒருவர் குளவியை விட்டு, அண்டை நிலத்தார் நஞ்சைத் தெளித்தால் குளவி நிலைக்காது. ஆகவே சுயஉதவிக் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளும் ஊர் அளவில் ஒன்றுகூடி, எந்த வாரம் அட்டை கட்டுவது, எப்போது தெளிப்பைத் தவிர்ப்பது என முடிவு செய்தால் பயன் பன்மடங்காகும். அத்தகைய கூட்டு முயற்சிகளுக்குத் தேவையான கடனுதவி பற்றி அறிய விரும்புவோர் அருகிலுள்ள கிளையின் வேளாண் அலுவலரை அணுகலாம்.